சிறிய பயணத்திற்குக் கடினமான விமானம்

(அறிவியல் மன்ற மாணவிகள், மேல்நிலை முதலாம் ஆண்டு)

பறவையைப் பார்த்துப் பறக்க ஆசைப்படாத மனிதர் இல்லை. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ரைட் சகோதரர்கள் அந்த ஆசையைப் பன்னிரண்டு விநாடி நேரம் நிறைவேற்றிக் காட்டினார்கள். இன்றோ, விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதித்திராத நாங்கள், பள்ளிக் கணிப்பொறி அறையில் அமர்ந்தபடியே நியூசிலாந்து நாட்டு மலைகளின்மேல் பறந்து வருகிறோம். ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானமே இதற்குக் காரணம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்திற்கு அரை மணி நேரம்தான் கணிப்பொறி கிடைக்கும். அந்த அரை மணியில் எந்த விமானத்தை, எங்கே ஓட்டப் போகிறீர்கள்? ஏன்? காரணம் சொன்னால்தான் அனுமதி." விளையாட்டுப் போலத் தோன்றிய அந்தக் கேள்வி எங்களைப் பல மாதங்கள் வேலை வாங்கியது. நாங்கள் கண்ட விடையை எங்கள் தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

பாவனை விமானம் பிறந்த கதை

அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளரின் மகன் எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்க அந்நாளில் பெருஞ்செலவு ஆயிற்று. தரையில் இருந்தபடியே கற்க வழியில்லையா என்று சிந்தித்த அவர், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே எடுத்து, ஒரு சிறு விமானப் பெட்டியின் அடியில் பொருத்தினார். கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் துருத்திகள் விரிந்து சுருங்கும்; பெட்டி விமானத்தைப் போலவே சாயும், நிமிரும். இது 1929-இல் நடந்தது.

முதலில் இதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே இராணுவம் லிங்க் கருவிகள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இந்த 'நீலப் பெட்டி'யில் பயிலாத விமானி அரிது. விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்டது உயிர் காக்கும் ஆசானாக மாறியது.

கணிப்பொறி வந்தபின், ப்ரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியியல் வல்லுநர் வெறும் கோடுகளாலேயே நிலத்தையும் வானத்தையும் வரைந்து, வீட்டுக் கணிப்பொறியில் விமானத்தைப் பறக்கவிட்டார். 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. 2020-இல் வந்த அதன் பதிப்பில் உலகம் முழுவதும் விண்கோள் படங்களைக் கொண்டு அமைக்கப்பட்டிருக்கிறது. மலை, ஆறு, ஊர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இணையத் தொடர்பு இருந்தால், அந்தந்த ஊரில் அந்நேரம் இருக்கும் வானிலையையும் அது காட்டும்.

ஏன் சிறிய பயணம்?

மன்றத்தில் பலருக்கும் பெரிய ஜெட் விமானத்தின்மீதே ஆசை. ஆனால் அதை முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திற்கு ஏற்றியபின் என்ன நடக்கிறது? தானியங்கிக் கருவி விமானத்தை ஓட்டும். நாம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரை மணியில் ஊரைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

தாழப் பறக்கும் சிறிய பயணத்திலோ, புறப்பாடு, ஏற்றம், வழி காணல், இறக்கம், தரைதொடல் ஆகிய ஐந்து பாடங்களும் அரை மணிக்குள் வந்துவிடுகின்றன. கண்ணுக்கு விருந்தும் உண்டு. ஆகவே பயணம் சிறியது என்று முடிவு செய்தோம்.

எங்கள் வழி, நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு வரை. நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். முதலில் வாகாடிப்பு ஏரியின் மேலே வடக்கு நோக்கிச் செல்ல வேண்டும். பின் பனி மூடிய மலைத்தொடரைக் கடந்து, செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். முடிவில் கடல் மலைக்குள் புகுந்து கிடக்கும். அதன் கரையில் மைட்டர் சிகரம் சுமார் 1,690 மீட்டர் உயரத்திற்கு நேரே எழுந்து நிற்கும். அதன் அருகே சுமார் 800 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதை. உலகில் மிகுந்த மழை பெய்யும் இடங்களுள் அதுவும் ஒன்று. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிறு விமானங்கள் உண்மையாகவே பறக்கும் வழி இது.

கடினம் என்பது எது?

பொத்தான்கள் அதிகமாக இருந்தால் கடினம் என்றே முதலில் நினைத்தோம். அது பிழை என்று விரைவில் தெரிந்தது. பொத்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம். கையும் காலும் கண்ணும் ஒவ்வொரு நிமிடமும் சேர்ந்து உழைக்க வேண்டிய விமானமே உண்மையில் கடினமானது. அந்தக் கடினம் மூன்று வகை.

முதலாவது, வால் சக்கரம். இன்றைய விமானங்கள் பலவற்றில் மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் இருக்கிறது. பழைய விமானங்களில் அது வாலின் கீழ் இருக்கும். அப்போது விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைகிறது. மிதிவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். சிறிது கோணினாலும் அந்தக் கோணல் தானே பெரிதாகும். வால் சக்கர விமானமும் தரையில் ஓடும்போது அவ்வாறே. உடனே காலால் சுக்கானை மிதித்துத் திருத்தாவிட்டால், வால் சுழன்று முன்னே வந்துவிடும். மேலும், மூக்கு நிமிர்ந்தே இருப்பதால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. பக்கங்களைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, மூக்கின் இழுப்பு. அமெரிக்க, கனடிய விமானங்களில் பொதுவாகப் புரொப்பெல்லர் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழலும். முழு விசையில் அதன் காற்று உடலைச் சுற்றிச் சென்று வாலின் இடப்பக்கத்தில் மோதுவதால், மூக்கு இடப்புறம் இழுக்கும். வலது காலால் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு மிதிப்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, என்ஜினைப் பேணுதல். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் எரிபொருள் கலவையைக் குறைக்க வேண்டும். ஈரமான காற்றில் விசையைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டரில் பனிக்கட்டி படியலாம். அதற்கு வெப்பக் காற்றைத் திறக்க வேண்டும். எந்தத் தொட்டியிலிருந்து எண்ணெய் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய விமானம் தேவையில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் என்ற சின்னஞ்சிறு விமானத்தில். அங்கிருந்து தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். வானொலித் தொடர்பு கிடையாது. வரைபடமும் திசைகாட்டியுமே துணை. 1936-இல் தம் இருபத்தொன்றாம் வயதில் விமானி உரிமம் பெற்ற சரளா தக்ரால், புடவை உடுத்தே ஜிப்சி மாத் விமானத்தை ஓட்டினார். அந்த விமானத்திற்கும் மூக்கின் கீழே சக்கரம் கிடையாது!

நான்கு விமானங்கள்

இனி நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவற்றைக் கூறுகிறோம்.

செஸ்னா 172: 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. நாற்பதாயிரத்திற்கும் மேல் செய்யப்பட்ட, உலகிலேயே மிகுதியான எண்ணிக்கை கொண்ட விமானம். மூக்குச் சக்கரம் உண்டு. நம் பிழைகளை மன்னிக்கும் குணம் உடையது. நாங்களும் முதல் மூன்று மாதம் இதில்தான் பயின்றோம். தொடக்கத்திற்கு இதுவே நல்லது. ஆனால் நம்மைத் தொடர்ந்து சோதிக்காது.

பைப்பர் ஜே-3 கப்: 65 குதிரைத்திறன் மட்டுமே. மின் இணைப்பே இல்லாததால் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். எரிபொருள் அளவு காட்ட, தொட்டி மூடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் தக்கை மிதக்கும். எங்கள் மனம் கவர்ந்த விமானம். ஆனால் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் 75 கிலோமீட்டர் செல்ல 37½ நிமிடம் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் 56 நிமிடம். பாதி வழியில் மணி அடித்துவிடும். அந்த மலைகளைத் தாண்ட அதன் என்ஜினும் மிகவும் மூச்சுவாங்கும்.

டக்ளஸ் டி.சி.-3: 1935-இல் பறந்த புகழ்பெற்ற பயணிகள் விமானம். இரண்டு என்ஜின்கள், இரண்டு விமானிகள். வால் சக்கரமும் உண்டு. ஆனால் குறுகிய பள்ளத்தாக்கிற்கும் சிறிய ஓடுபாதைக்கும் அது ஏற்றதன்று.

டி.எச்.சி.-2 பீவர்: கனடா நாட்டில் 1947 ஆகஸ்ட் 16 அன்று முதன்முதலாகப் பறந்தது. சாலையில்லாக் காடுகளுக்குப் பறக்கும் விமானிகளிடமே "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுச் செய்யப்பட்ட விமானம் இது. ஆகையால் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவு அகலம். கடுங்குளிரில் வெளியே செல்லாமல், இருக்கையிலிருந்தே என்ஜினுக்கு ஆயில் ஊற்றலாம். இறக்கை மடிப்புகளைக் கைப்பம்பால் அடித்து இறக்க வேண்டும். 450 குதிரைத்திறன் கொண்ட வட்ட வடிவ என்ஜின். வயிற்றில் வரிசையாக மூன்று எரிபொருள் தொட்டிகள். 1967-இல் உற்பத்தி நின்றாலும், கனடாவிலும் அலாஸ்காவிலும் இன்றும் பறக்கிறது.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் எங்கள் வழிக்கு 22½ நிமிடம். 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 28 நிமிடம். அரை மணிக்குள் அடங்குகிறது. முன்னே சொன்ன மூன்று கடினங்களும் இதில் உண்டு. பீவரையே தேர்ந்தோம்.

பள்ளத்தாக்கில் ஒரு பௌதிகப் பாடம்

மெதுவான விமானத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைவில் சைக்கிள் சாய்வதைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறோம். விமானம் திரும்புவதும் அதே விதிப்படிதான். வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்டையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், திரும்பும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும்.

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் 30 பாகை சாய்ந்தால் ஆரம் ஏறத்தாழ 350 மீட்டர். அதாவது முழுதும் திரும்பி வர 700 மீட்டர் அகலம் போதும். வேகம் 320 ஆனால், வேகம் இருமடங்கு, ஆரமோ நான்கு மடங்கு. 2,800 மீட்டர் அகலம் வேண்டும். மில்ஃபோர்டு பள்ளத்தாக்குகள் பல இடங்களில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதவை. வேகமான விமானம் உள்ளே போனால் திரும்ப இடமில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பள்ளத்தாக்கின் நடுவே பறக்கக் கூடாது. நடுவே பறந்தால் திரும்புவதற்குப் பாதி அகலம்தான் மிஞ்சும். வலப்பக்கச் சரிவை ஒட்டியே செல்ல வேண்டும். அப்போது இடப்பக்கம் முழு அகலமும் நமக்குக் கிடைக்கும். எந்த இடத்திற்கு மேல் முன்னே போவதில்லை என்பதையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பிழைகள்

முதல் நாள் முழு விசை கொடுத்தவுடன் பீவர் இடப்புறம் பாய்ந்து புல்வெளியில் சுழன்று நின்றது. மறுமுறையும் அப்படியே. "கணிப்பொறியில் ஏதோ கோளாறு, சிஸ்டர்" என்றோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றார்கள். அதுவரை செஸ்னாவில் சுக்கானைக் கணிப்பொறியே எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உதவியை அணைத்த பிறகுதான் எங்கள் கால் எவ்வளவு சோம்பேறி என்று தெரிந்தது. மூன்று வாரங்கள் நாங்கள் பறக்கவேயில்லை. விமானத்தை ஓடுபாதையில் நேராக ஓட்டி நிறுத்துவதை மட்டுமே பழகினோம். பார்த்த தோழிகள் "இது விமானமா, பேருந்தா?" என்று கேலி செய்தார்கள்.

அடுத்த பிழை ஏரியின்மேல் நடந்தது. எடையைக் குறைக்க எரிபொருளைக் குறைத்தோம். அதில் முன் தொட்டியின் அளவு மிகச் சிறிதாகிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டே போகையில் என்ஜின் நின்றது. பின்னாலிருந்த இரண்டு தொட்டிகளிலும் எண்ணெய் இருந்தது. குமிழைத் திருப்பத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளாளுக்குக் கத்தினோம். விமானம் ஏரியில் இறங்கியது. அன்று முதல் ஓர் அட்டையில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவள் செய்து விடை சொல்வது என்று வைத்துக்கொண்டோம். உண்மையான விமானிகளும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கண்காட்சி நாள்

ஜனவரியில் பள்ளி அறிவியல் கண்காட்சி நடந்தது. பெற்றோர் முன்னிலையில் மில்ஃபோர்டு வரை பறந்து காட்டுவதாக அறிவித்திருந்தோம். எங்களுள் நன்கு ஓட்டும் தோழியே அன்று விமானி. அவளுடைய தந்தையார் லாரி ஓட்டுநர். வேலை காரணமாக எந்தப் பள்ளி விழாவுக்கும் வர இயலாதவர். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

நமக்குக் காலை பத்து மணி. அங்கே கோடைகாலத்து மாலை ஐந்தரை. புறப்பாடு அழகாக அமைந்தது. ஏரி நீலமாக விரிந்தபோது சிறுமிகள் கை தட்டினார்கள். மலைத்தொடரைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது எதிரே வெண்மேகம் திரை போட்டதுபோல் அடைத்திருந்தது. நாங்கள் குறித்து வைத்த இடம் நெருங்கியது. அறை முழுவதும் மைட்டர் சிகரத்தைக் காணக் காத்திருந்தது. அவள் வலப்பக்கச் சரிவை ஒட்டியே சென்றுகொண்டிருந்தாள். ஒரு கணம் திரையைப் பார்த்தாள்; விசையைக் குறைத்தாள்; இடப்புறம் சாய்த்துத் திருப்பிவிட்டாள்.

"அய்யோ!" என்று அறையில் ஓர் ஏமாற்றக் குரல் எழுந்தது. பின்வரிசையில் ஒருவர், "பொய் விமானம்தானே அம்மா! மோதினால் மறுபடி ஆரம்பித்தால் போகிறது" என்றார். அவள் பதில் சொல்லவில்லை, முகம் வாடிப்போயிற்று. திரும்பும் வழியில் அட்டையைப் படித்த எங்களுக்கும் குரல் நடுங்கியது. குவீன்ஸ்டவுனில் குறுக்குக் காற்று. சக்கரம் தரையைத் தொட்டு ஒருமுறை எம்பியது. வால் நழுவப் பார்த்தது. காலால் பிடித்து நேராக நிறுத்தினாள்.

அப்போது அவளுடைய தந்தையார் எழுந்தார். "ஊட்டி ஏத்தத்துல பனி இறங்கிட்டா நாங்களும் வண்டிய ஓரங்கட்டிடுவோம்மா. சரக்கு நாளைக்கும் போய்ச் சேரும். நீ திருப்புன பாரு, அதான் ஓட்டுறது" என்றார். பின்வரிசையில் பேசியவரே முதலில் கை தட்டினார்.

அடுத்த வாரம் வானம் தெளிந்திருந்தது. அன்று பார்வையாளர் எவரும் இல்லை. மைட்டர் சிகரத்தின் நிழல் கடல்நீரில் விழுந்திருக்க, சரிவுகளில் அருவிகள் வெள்ளி நூல்களாக இறங்கக் கண்டோம். ஓடுபாதையின் பாதியிலேயே பீவர் நின்றது.

தங்கைமாருக்குச் சில சொற்கள்

நீங்களும் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். அப்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் நேரத்திற்குள் பயணம் முடியுமா? அந்த நிலத்திற்கு இந்த வேகம் பொருந்துமா? ஓடுபாதை போதுமா? கணிப்பொறியின் உதவிகளை அணைத்த பிறகும் ஓட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய பாடம் மிச்சமிருக்குமா? எளியதில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஃப்ளைட்கியர் போன்ற இலவச நிரல்களும் உண்டு. திருகும் கைப்பிடி ஒன்றே சுக்கானுக்குப் போதும். இது உண்மை விமானப் பயிற்சிக்கு ஈடாகாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் கணக்கும் பௌதிகமும் புவியியலும் ஓர் அரை மணியில் ஒன்றுசேர்வதை இங்கே கண்டோம்.

எளிய விமானம் எங்களை அரை மணி நேரம் மகிழ்வித்திருக்கும். கடினமான விமானம் எங்களுக்கு நேராக ஓடவும், அட்டையைப் படிக்கவும், திரும்பி வரவும் கற்றுத் தந்தது. அந்த அட்டை கணிப்பொறி அறையின் சுவரில் தொங்குகிறது. அடுத்த ஆண்டு அதைப் படிக்கப் போகும் தங்கைமாரே, உரக்கப் படியுங்கள்!